முட்டை இருக்கிறது, சீட்டு எங்கே?

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற பறவை முட்டைகளிலேயே அதிகம் பேசப்பட்டது ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொரீசியஸில் இருந்து அழிந்துபோன டோடோ பறவையின் முட்டை என்கிறார்கள், உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே டோடோ முட்டை என்றும் சொல்கிறார்கள். டர்பனிலிருந்து காரில் கிளம்பினால் டிரான்ஸ்கை மலைகளைத் தாண்டி அந்த ஊர் போய்ச் சேர ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும், அப்படியும் கேப் டவுன் போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் டர்பன் தமிழர்களாகிய நம்மில் உண்டு. சரி, அது நிஜமாகவே டோடோ முட்டைதானா என்று கேட்டால் அடித்துச் சொல்ல ஆள் இல்லை. அருங்காட்சியகத்தை நடத்தி வந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அம்மையாருக்குக் குடும்ப வழியில் வந்தது, அந்தக் காலத்துக் கப்பல் கேப்டன் ஒருவர் கொடுத்தது என்பதுதான் கதை. எந்த வருடம், எந்த இடம், யார் கையால் எடுத்தது என்பதற்கெல்லாம் எழுத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சின்னதாகப் போன தீக்கோழி முட்டையாக இருக்கலாம் என்று பறவை ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள், என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

இதே அம்மையார்தான் சீலகாந்த் மீனை உலகத்துக்குக் காட்டியவர். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்பே அழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மீன். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை இன்று யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் அதற்குக் கணக்கு சுத்தமாக இருக்கிறது: 1938 டிசம்பர் 22, சலும்னா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, நெரீன் என்ற இழுவலைப் படகு, கேப்டன் ஹென்ட்ரிக் கூஸன். மீனைப் பார்த்ததும் அம்மையார் கையாலேயே படம் வரைந்து, விவரம் எழுதி, கிரஹாம்ஸ்டவுனில் இருந்த மீன் ஆய்வாளர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதம் போட்டார். ஒரே ஆள், ஒரே கட்டடம். மீனுக்குச் சீட்டு (எப்போது, எங்கே, யார் எடுத்தது என்ற குறிப்பு) இருக்கிறது, முட்டைக்கு இல்லை. முட்டைச் சேகரிப்பு என்றால் என்ன, அதை ஏன் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கான பதில் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது. சீட்டு இல்லாத முட்டை பத்திரம் இல்லாத நிலம் மாதிரி, கண்ணுக்கு எதிரே கிடக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தச் சேகரிப்புகளைப் பொதுமக்கள் பார்ப்பது அபூர்வம். டர்பன் சிட்டி ஹாலில் இருக்கிற இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நாம் எல்லோரும் போயிருப்போம், எகிப்து மம்மியையும் டோடோ எலும்புக்கூட்டையும் பார்த்திருப்போம் (அந்த எலும்புக்கூடு அசல்தான், 1900களின் தொடக்கத்தில் மொரீசியஸின் போர்ட் லூயிஸில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த எத்தியேன் திரியூ மலையிடுக்குகளில் தேடிச் சேர்த்த எலும்புகள்). ஆனால் எந்த அருங்காட்சியகத்திலும் ஆராய்ச்சிக்கான சரக்கு வேறு அறையில், இருட்டில், தட்டையான இழுப்பறைகளில் இருக்கும். முட்டைக்கு இருட்டு ரொம்ப அவசியம். உலகத்தில் உள்ள எல்லாப் பறவை முட்டைகளின் நிறமும் அடிப்படையில் இரண்டே சாயத்தில் வருகிறது, பழுப்பு-சிவப்புக்கு ஒன்று, நீலம்-பச்சைக்கு ஒன்று. வெளிச்சம் பட்டால் இரண்டும் வெளிறிப் போகும். நம் கொல்லையில் கத்தித் தீர்க்கிற மைனாவின் முட்டை எடுத்த அன்று பளிச்சென்ற நீலம், ஜன்னல் ஓரம் வைத்தால் சில வருடத்தில் கோழி முட்டை மாதிரி ஆகிவிடும்.

ஒரு இழுப்பறையைத் திறந்தால் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பஞ்சின் மேல் மூன்று, நான்கு முட்டைகள். ஒரே கூட்டில் இருந்து எடுத்ததை ஒன்றாகவே வைக்க வேண்டும், பிரித்தால் பாதி மதிப்பு போய்விடும். முட்டையைத் திருப்பிப் பார்த்தால் விலாப்பக்கத்தில் ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பழைய காலத்துப் பொடிப்பையன்கள் இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி வாயால் ஊதுவார்கள், விவரம் தெரிந்தவர்கள் கூம்பு மாதிரி இருக்கிற சின்னத் துளைக்கருவியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பக்கவாட்டில் ஒரே துளை போட்டு, வளைந்த குழாயால் உள்ளே காற்றை ஊதுவார்கள், உள்ளே இருப்பது அதே ஓட்டை வழியாக வெளியே வரும். அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவி, துளை கீழே பார்க்கும்படி காயவைப்பார்கள். அடைகாத்து நாளாகி உள்ளே குஞ்சு உருவாகிவிட்டிருந்தால் வேலை கஷ்டம், துளை பெரிதாகிவிடும். அந்தத் துளையின் அளவைப் பார்த்தே முட்டை எவ்வளவு நாள் அடைகாக்கப்பட்டது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். துளைக்குப் பக்கத்தில் மையால் ஒரு எண், அதே எண் போட்ட சீட்டில் பறவையின் பெயர், தேதி, ஊர், கூடு எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது, எத்தனை முட்டை, எந்த நிலையில் என்பதெல்லாம் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

உலக அருங்காட்சியகங்களில் மொத்தம் சுமார் 50 லட்சம் முட்டைகள் இருப்பதாக 2020இல் ஒரு ஆய்வுக் கட்டுரை கணக்குச் சொன்னது. பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முன்பாதியிலும் சேர்த்தது. சேர்த்தவர்கள் யார்? ராணுவ அதிகாரிகள், பாதிரிமார்கள், காலனி அரசாங்க உத்தியோகஸ்தர்கள், கையில் காசும் பொழுதும் இருந்தவர்கள். இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த ஏ.ஓ. ஹியூமை நமக்கு அரசியலில்தான் தெரியும், ஆனால் மனிதர் பறவைப் பைத்தியம். சிம்லாவில் வீட்டோடு ஒரு தனி அருங்காட்சியகமே வைத்திருந்தார். 1884-85 குளிர்காலத்தில் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வேலைக்காரன் ஒருவன் அவருடைய இருபத்தைந்து வருடக் குறிப்புகளை எடுத்துக் கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டான். ஹியூம் அத்தோடு பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார், மொத்தச் சேகரிப்பையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அதில் முட்டைகள் மட்டுமே 18 ஆயிரத்துக்கு மேல். கவனித்துப் பாருங்கள், பறவைத் தோல்களும் முட்டைகளும் பெரும்பாலும் மிஞ்சத்தான் செய்தன, திருட்டுப் போனது காகிதம். காகிதம் போனதும் மனிதருக்கு மனசு விட்டுப்போயிற்று.

இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எந்த ஆராய்ச்சிக் கேள்வியும் கிடையாது, சேர்க்கிற ஆசைதான். அந்த ஆசையால் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் டிடிடி என்ற பூச்சிமருந்தின் கதை. 1950களில் பிரிட்டனில் பைரிகளின் (பெரிக்ரின் ஃபால்கன் என்கிற வேட்டைப்பறவை) கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் கவனித்தார். தாய்ப்பறவையே உட்கார்ந்து நசுக்கிவிடுகிறது. ஏன்? ஓடு மெலிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஆனால் எதோடு ஒப்பிட்டு? அப்போதுதான் பழைய சேகரிப்புகள் கைகொடுத்தன. ஊதி எடுத்த முட்டைக்குள் கருவியை விட்டுத் தடிமன் அளப்பது சுலபமில்லை, அதனால் அவர் ஒரு எளிய வழி பிடித்தார்: வெற்று ஓட்டின் எடையை, முட்டையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்துவிட்டார். பெரிய முட்டை சின்ன முட்டை வித்தியாசம் அதில் அடிபட்டுப் போகும், ஓட்டின் கனம் மட்டும் நிற்கும். வருட வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் 1900லிருந்து 1940கள் வரை கோடு நேராகப் போகிறது, 1947 வாக்கில் தொபுக்கென்று விழுகிறது. போர் முடிந்து விவசாயத்துக்கு டிடிடி வந்த நேரம் அது. 1967இல் இதை வெளியிட்டார், அடுத்த வருடமே அமெரிக்காவிலும் இதே விஷயம் உறுதியானது, 1972இல் அங்கே டிடிடி தடை செய்யப்பட்டது. டிடிடி உடம்புக்குள் போய் மாறி உருவாகும் டிடிஈ என்ற பொருள், ஓடு உருவாகிற இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிவதைத் தடுக்கிறது, அதுதான் காரணம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பிரிட்டனில் 1954க்குப் பிறகு காட்டுப் பறவை முட்டை எடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் ராட்கிளிஃபுக்கு 1947க்குப் பிந்தைய முட்டைகளும் வேண்டுமே! திருட்டுத்தனமாக எடுத்து ஒளித்து வைத்திருந்தவர்கள் சிலரும் அவருக்குக் காட்டினார்கள்.

டிடிடியை வில்லனாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாத ஊர் நம்முடையது. 1930களின் தொடக்கத்தில் நடாலிலும் சூலுலாந்திலும் மலேரியா வந்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், கரும்புத் தோட்டங்களில் இருந்த நம் தாத்தா பாட்டிகள் பார்த்த காய்ச்சல் அது. பின்னால் வீட்டுச் சுவரில் டிடிடி அடித்துத்தான் அதை அடக்கினார்கள். 1996இல் தென்னாப்பிரிக்கா டிடிடியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறியது, அந்த மருந்துக்குச் சாகாத கொசு மொசாம்பிக் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது, 2000இல் நாட்டில் மலேரியா நோயாளிகள் 60 ஆயிரத்தைத் தாண்டினார்கள், அரசாங்கம் திரும்பவும் டிடிடியைக் கையில் எடுத்தது. வயலில் கொட்டுவதும் வீட்டுச் சுவரில் அளவோடு அடிப்பதும் ஒன்றல்ல, ஆனாலும் சுவரில் அடித்தது சுவரோடு நிற்பதில்லை. லிம்போப்போவில் மருந்து அடிக்கும் பகுதிகளில் நாரைகளின் முட்டைகளில் டிடிடி கலந்திருப்பதை நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஹென்க் பவுமன் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஓடு மெலிந்திருக்கிறதா என்று கேட்டால் பழைய ஓட்டைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும், டிடிடிக்கு முந்தைய முட்டையை இனிமேல் எங்கே போய் எடுப்பது?

இன்னொரு கதை இன்னும் சுவாரசியமானது, நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். குயில் காக்கா கூட்டில் முட்டையிடும் என்பது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். (நம் ஊர்க் காக்கா 1970களில் கப்பலேறி டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது, குயில் மட்டும் கூட வரவில்லை, காக்காவுக்கு இங்கே ஏகபோக வாழ்க்கை. மாநகராட்சி பிடித்து ஒழிக்கப் பார்க்கிறது.) அதே வேலையைக் குயில் ஃபிஞ்ச் என்கிற ஆப்பிரிக்கப் பறவை கதிர்க்குருவிகளிடம் செய்கிறது. டர்பன் தோட்டங்களில் புல்லுக்குள் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் அந்தப் பழுப்புக் கதிர்க்குருவியின் முட்டை மாதிரி விதவிதமான முட்டை வேறு பறவைக்கு இருப்பது அபூர்வம்: வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம், ஆலிவ் பச்சை, அதன் மேல் கிறுக்கல், புள்ளி, திட்டு. ஆனால் ஒரு பெண் குருவி ஆயுசுக்கும் ஒரே மாதிரிதான் இடும். தன் முட்டை எது என்று அதற்குத் தெரியும், மாறுபட்டது கிடந்தால் தூக்கி எறிந்துவிடும். குயில் ஃபிஞ்சும் விடுவதில்லை, அதுவும் விதவிதமாக இட ஆரம்பித்தது.

இந்தப் போட்டி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாம்பியாவில் சோமா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜான் கோல்புரூக்-ராப்ஜென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு பல வருடம் முட்டை சேர்த்தார், கூடு தேடித் தருவது உள்ளூர்க் கிராமத்து ஆட்கள். பழைய பாணி ஆள், ஆனால் குறிப்பு எழுதுவதில் கறார். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிளேர் ஸ்பாட்டிஸ்வுட், அந்த மேஜர் 1970கள், 80களில் எடுத்த முட்டைகளையும் அதே இடத்தில் 2000களில் கூடுகளில் பார்த்த முட்டைகளையும் நிறம் அளக்கும் கருவியால் ஒப்பிட்டார். நாற்பதே வருடத்துக்குள் குருவியின் முட்டையும் மாறியிருக்கிறது, ஏமாற்றுகிற பறவையின் முட்டையும் மாறியிருக்கிறது, 2012இல் வெளியிட்டார்கள். பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலத்துக்குள் முடிந்துவிட்டது. 2022இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: குயில் ஃபிஞ்சின் முட்டை நிறம் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகிறது, அதனால் இரண்டு நிறங்களைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்க அதனால் முடியவில்லை, கதிர்க்குருவியின் ஆலிவ் பச்சைக்கு இன்னும் அதனிடம் பதில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் மொரீசியஸில் நடந்தது. சாட்ஸ்வொர்த்தில் உம்லட்டுசானா ஆற்றோரம் பனையோலையைக் கிழித்துக் கூடு கட்டும் மஞ்சள் குருவிகளை (நம் தூக்கணாங்குருவியின் ஆப்பிரிக்கச் சொந்தக்காரர்கள்) 19ஆம் நூற்றாண்டில் மொரீசியஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இங்கே அவற்றின் கூட்டில் டிடெரிக் குயில் திருட்டு முட்டை இடும், அதனால் ஒவ்வொரு தாயும் தனக்கென ஒரு கோலம் வைத்திருக்கிறது. மொரீசியஸில் அந்தக் குயில் கிடையாது. நூறு வருடத்துக்குச் சற்று மேல் ஆனதும் டேவிட் லாட்டி என்பவர் போய்ப் பார்த்தால், தாய்க்குத் தாய் இருந்த வித்தியாசம் குறைந்திருக்கிறது, ஒரே கூட்டுக்குள் இருந்த ஒற்றுமையும் தளர்ந்திருக்கிறது. திருடன் இல்லாத ஊரில் பூட்டு எதற்கு என்று விட்டுவிட்டன போல.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் சுமார் 1,400 இனங்களின் 49,175 முட்டைகளை அளந்து, நன்றாகப் பறக்கிற பறவைகளின் முட்டை நீளமாகவும் ஒருபக்கம் கூராகவும் இருக்கிறது என்று காட்டினார்கள். 2022இல் சிகாகோ அருங்காட்சியகத்தின் சீட்டுகளில் இருந்த தேதிகளை மட்டும் இப்போதைய தேதிகளோடு ஒப்பிட்டு, 72 இனங்களில் மூன்றில் ஒரு பங்கு நூறு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட சராசரியாக 25 நாள் முன்னதாக முட்டையிடுகிறது என்றார்கள். இந்த இரண்டாவது ஆய்வுக்கு முட்டையே தேவைப்படவில்லை, சீட்டு போதுமானதாக இருந்தது. கேள்வியோடு போய் எடுத்தவர்களும் உண்டு: 1911 குளிர்காலத்தில் மைனஸ் 60 டிகிரிக் குளிரில் மூன்று பேர் அண்டார்டிகா இருட்டில் நடந்து போய் எம்பெரர் பென்குயின் முட்டை மூன்றைக் கொண்டுவந்தார்கள், கருவைப் பார்த்தால் பறவை எதிலிருந்து வந்தது என்று தெரியும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையில். அறிக்கை வெளிவந்தது 1934இல், அதற்குள் அந்த நம்பிக்கையே செத்துப் போயிருந்தது.

என் அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது வேறு: “சித்தப்பா, எல்லாமே கூட்டில் இருந்து எடுத்ததுதானே, அப்போ அது திருட்டு இல்லையா?” திருட்டுதான் கண்ணு, அதில் மழுப்ப ஒன்றும் இல்லை. அபூர்வமாக ஆக ஆக விலை ஏறும், விலை ஏற ஏற இன்னும் எடுப்பார்கள். கிரேட் ஆக் என்ற வடகடல் பறவையில் கடைசி ஜோடியை 1844இல் ஐஸ்லாந்தில் கொன்றதே சேகரிப்பாளருக்கு விற்பதற்காகத்தான். இங்கே குவாசூலு-நடாலில் 1974 சட்டப்படி பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டையை எடுக்க எசெம்வெலோ வனத்துறையின் அனுமதி வேண்டும், அது சரியான சட்டம், பொழுதுபோக்குக்காக முட்டை எடுப்பதற்கு இன்று எந்த நியாயமும் கிடையாது. கேமராவை வைத்தே தேதியும் எண்ணிக்கையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் பறவைகளை முட்டைச் சேகரிப்பாளர்கள்தான் அழித்தார்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேப் கடற்கரைக்கு அப்பால் டாசன் தீவு முதலான தீவுகளில் இருந்து 1900க்கும் 1930க்கும் நடுவில் மட்டும் சுமார் 1.3 கோடி பென்குயின் முட்டைகளை எடுத்துத் தின்றார்கள். உலக அருங்காட்சியகங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைப் போல இரண்டரை மடங்கு, முப்பதே வருடத்தில், ஒரே பறவையிடம். கேப் டவுன் ஹோட்டல்களில் அது விசேஷப் பதார்த்தம். 1960களின் பின்பாதி வரை இது நடந்தது. முட்டை போதாதென்று உரத்துக்காகக் குவானோவையும் சுரண்டினார்கள், குழி தோண்டி முட்டையிட அந்த எச்சப்படிவம்தான் அவற்றுக்கு வீடு. இப்போது சாப்பாட்டு மீனும் குறைந்துவிட்டது, 2024இல் ஆப்பிரிக்கப் பென்குயினை மிக மோசமான ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றினார்கள், மிஞ்சியிருப்பது 10 ஆயிரம் ஜோடிக்கும் குறைவு. இதிலும் பாருங்கள், முட்டையை எண்ணி விற்ற கணக்குப் புத்தகம் இருந்ததால்தான் அந்தக் காலத்தில் எத்தனை பென்குயின் இருந்திருக்கும் என்று இன்று மதிப்பிடவே முடிகிறது.

இருக்கிற சேகரிப்பைக் காப்பாற்றுவதும் சும்மா வேலை இல்லை. தேக்கு, ஓக் பெட்டி என்றால் நல்லது என்று நினைப்போம், ஆனால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டை அரித்து வெள்ளையாகப் பூக்க வைத்துவிடும். பைன் நோய் என்று அதற்குப் பெயர் (பைன் மரம் இல்லை, பைன் என்ற ஆளின் பெயர்), நோய் என்கிறார்களே தவிர கிருமி எதுவும் இல்லை, அதனால் இப்போது இரும்பு அலமாரிக்கும் அமிலம் இல்லாத அட்டைக்கும் மாற்றுகிறார்கள். பெரிய செலவு, இங்கே அருங்காட்சியகங்களுக்கு ஆளும் காசும் எப்படி என்று நமக்குத் தெரியும்.

வீட்டில் பழைய பெரியவர் யாராவது விட்டுப்போன முட்டைப் பெட்டி அகப்பட்டால், பழைய பண்ணை வீடு வாங்குகிறவர்களுக்கு இது நடக்கிறது, விற்கப் பார்க்காதீர்கள், சட்டப் பிரச்சினை வரும், குப்பையிலும் போடாதீர்கள். பக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டு விவரம் சொல்லுங்கள். முட்டைகளைத் துடைக்க வேண்டாம், துளைக்குப் பக்கத்தில் இருக்கிற எண் அழிந்துவிடும். பெட்டிக்கு அடியில் நோட்டுப் புத்தகமோ கடித உறையோ ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், மை மங்கி எலி கடித்ததாக இருந்தாலும் அதையும் சேர்த்தே கொடுங்கள்.